பேருக்கு முன்னால்

— மனுஷ குலம் எப்போ சரிய ஆரம்பிச்சதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவான். நான் சொல்றேன் கேளு அக்கா. ஒரு பேருக்கு முன்னால இன்னொரு பேரை ஒட்டி எழுதலாம்னு எவனோ ஒருத்தன் முடிவு பண்ணினான் பாரு, அன்னைக்குத்தான். எழுதி வச்சுக்கோ.

— எழுதி வச்சுக்கிறேன். முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வை. டிக்கு டிக்குன்னு அமுக்கி அமுக்கி என் மண்டையில ஓட்டை விழுந்துடுச்சு.

— பேச்சை மாத்தாத. நான் விளையாடல.

— நீ விளையாடறப்பவும் இதே மூஞ்சிதான். உட்காருடா. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து தரை தேஞ்சு கீழ்மாடி தெரியப் போகுது. நாலு மணிக்கு எதிர்த்தாப்ல பஸ் ஸ்டாண்டுல பஸ் நேரம் காட்டுற பலகை மாறணும், அவ்வளவுதானே? அதுக்கு ஏன் பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற அப்பன் மாதிரி நடக்குற?

— ஷ்ஷ்! ‘டா’ போடாத. யாராவது வந்துட்டா?

— யாரு வரப் போறா? மேடம் கீழ போக்குவரத்து அதிகாரிக்குப் பலகையைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மத்தவங்க எல்லாரும் வேடிக்கை பாக்க ஓடிட்டாங்க. இந்த ரூம்ல நான், நீ, சொட்டுற ஏசி, அது சொட்டுற வாளி. அவ்வளவுதான்.

— வாளிக்குக் காது இருக்கலாம். இந்த ஆபீஸ்ல நீங்க வேற, நான் வேற. நீங்க புதுசா வந்தவங்க. நான் மின்னல்.

— ஆமா, மின்னல் சார். தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டே காலையில வீடு பூரா துண்டைத் தேடின மின்னல்.

— வீட்டுக் கதை இங்க வேணாம்னு நீ சேர்ந்த அன்னைக்கே ஒப்பந்தம் போட்டிருக்கோம்.

— நீ போட்ட. நான் கேட்டுக்கிட்டேன். ஒரே வீட்லேர்ந்து கிளம்பி ஒரே பஸ்ல ஏறுறோம். நீ ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி வேர்த்து வழிய நடந்து வர்ற. அம்மா ஒரே சட்டியிலேர்ந்து ரெண்டு டப்பாவுல போட்டுக் குடுக்குறாங்க. நீ முதல்ல சாப்பிட்டு, வாசனை போனப்புறம்தான் நான் என் டப்பாவைத் திறக்கணும். திருட்டுத்தனமா காதலிக்கிறவங்ககூட இவ்வளவு கஷ்டப்பட மாட்டாங்கடா.

— காதல் வெளிய தெரிஞ்சா கல்யாணம் பண்ணி வச்சுடுவாங்க. இது தெரிஞ்சா என் பேரு போயிடும். ஆமா, போன்ல ‘தம்பி’ன்னு இருந்ததை மாத்தச் சொன்னேனே, மாத்தினியா?

— மாத்தினேன்.

— என்னன்னு?

— ‘வாலு’ன்னு.

— அக்கா!

— நீதானே உறவு தெரியக் கூடாதுன்ன? சரி, இருக்கட்டும். வேலைக்கு வா. பலகையை ஓட்டுற உன் புரோகிராம் ஃபைலை நான் ஒரு தடவை பாக்கணும்னு மேடம் சொல்லிட்டுப் போனாங்க. திறந்தேன். மேல இருக்கிற மூணு வரியைப் பாத்ததும் மூடிட்டேன்.

— அழகுல கண்ணு கூசிடுச்சா?

— பயத்துல கூசிடுச்சு. இதோ பாரு, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். மூணு வருஷமா சின்னப் பிள்ளைகிட்டதான் பேசிட்டிருக்கேன், அதனால எனக்கு அப்படித்தான் வரும். இந்த மொழியில ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் ஒரு வீடு. வீட்டுக்குள்ள நிறைய ஃபங்ஷன், ஆளுக்கு ஒரே ஒரு வேலை. குடுத்ததை வாங்கிக்கும், செய்ய வேண்டியதைச் செஞ்சு திருப்பிக் குடுக்கும். ஒளிச்சு வைக்காது, வேற எதையும் தொடாது.

— நம்ம வீட்ல அப்படி ஒருத்தரும் கிடையாது.

— அதான் நீ வெட்டவெளியில வளர்ந்திருக்க. பக்கத்து வீட்டு ஆளு வேணும்னா அந்த வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். நீ என்ன பண்ணியிருக்க? வழித்தடம் வீடு, நேரம் வீடு, எழுத்து வீடு, மூணு வாசல்லயும் நின்னு ‘எல்லாரும் உள்ள வாங்க’ன்னு கூவியிருக்க.

— வரட்டுமே. நம்ம ஃபைல் விசாலமானது.

— வந்தவங்கள்ல யாரு எந்த வீட்டு ஆளுன்னு எப்படித் தெரியும்?

— மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரியும். ஞாபகசக்தி இல்லாதவங்கதான் ஒவ்வொரு பேருக்கும் முன்னால ஒட்டுப் போட்டுக்கணும். உன் ஃபைலைப் பாரு! ‘தடம் சாய்கோடு நெக்ஸ்ட்’. ‘நேரம் சாய்கோடு இப்போ’. ‘எழுத்து சாய்கோடு சேர்’. எவனைக் கூப்பிட்டாலும் அப்பன் பேரு, பாட்டன் பேரு. அது புரோகிராமா, கல்யாணப் பத்திரிகையா?

— பத்திரிகையில எதுக்கு அப்பா பேரு போடுறாங்க? ஒரே நாள்ல பக்கத்துப் பக்கத்து மண்டபத்துல ரெண்டு கல்யாணம் நடக்கும். தப்பான இலையில போய் உட்காரக் கூடாதுல்ல.

— எந்த இலையா இருந்தா என்ன, சாப்பாடு ஒண்ணுதானே?

— மாப்பிள்ளை தப்பான மணமேடையில போய் உட்கார்ந்துட்டா?

— அது மாப்பிள்ளையோட கவனக்குறைவு. அதோட நீ அந்த வரிகளை அகர வரிசையில வேற அடுக்கியிருக்க. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. ஃபைல் தலையில இருக்கிற வரியை அகர வரிசையில அடுக்குறவங்க, வீட்டு வாசல்ல செருப்பையும் வயசு வாரியா அடுக்குவாங்க. எழுதி வச்சுக்கோ.

— நம்ம வீட்டுச் செருப்பை யாரு அடுக்குறான்னு இத்தனை நாளா நினைச்ச?

— ...அது தானா அப்படி இருக்கும்னு நினைச்சேன்.

— நினைப்ப. நான் ஒண்ணும் பிடிவாதம் பிடிக்கல. வீட்டுக்கு ஒரு செல்லப் பேரு வை, அதையே எல்லா ஃபைல்லயும் வை. இங்க ‘தடம்’, அங்க ‘வ’ன்னு ஆளுக்கொண்ணு வைக்காத. ரெண்டு மூணு பேரு அடிக்கடி வேணும்னா, அந்த ரெண்டு மூணு பேரை மட்டும் பேர் சொல்லி உள்ள கூப்பிடு. சோதிச்சுப் பாக்குற டெஸ்ட் ஃபைலா இருந்தா, மொத்தமாவே இழுத்துக்கோ, அங்க வந்து போறது ஒரே வீட்டு ஆளுங்கதான். பலகை மாதிரி ஊரே பாக்குற ஃபைல்ல மட்டும்—

— சார், வணக்கம். ஏசி மெக்கானிக். சொட்டுதுன்னு போன் பண்ணியிருந்தீங்களாமே.

— வாங்க வாங்க. ஆங்... நீங்க சொன்னது நல்ல யோசனைதான், மேடம். நான் பரிசீலிக்கிறேன்.

— ரொம்ப நன்றிங்க, மின்னல் சார்.

— கொஞ்சம் நாற்காலியை நகத்திக்கிறீங்களாம்மா? ஏணி போடணும். அட. ரெண்டு பேருக்கும் மூக்கு அச்சு எடுத்த மாதிரி இருக்கே. சொந்தமா?

— மூக்கு எல்லாருக்கும் மூஞ்சி நடுவுலதாங்க இருக்கும்.

— இல்ல சார், அந்த நுனி...

— ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இவங்க வந்து ஒரு மாசம்தான் ஆகுது. எனக்கு இவங்களை அவ்வளவாத் தெரியாது.

— ஆமாங்க. என்னை அவ்வளவாத் தெரியாது அவருக்கு.

— அதுவும் சரிதான். குழாய்லதான் அடைப்பு. கீழ போய் கம்பி எடுத்துட்டு வர்றேன். வாளியைத் தொடாதீங்க.

— ...போயிட்டாரா?

— போயிட்டாரு. ‘அவ்வளவாத் தெரியாது’. உனக்கு மூக்குச் சிந்தி விட்டதே நான்தான்டா.

— வாய் தவறி வந்துடுச்சு.

— ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு வாய் தவறி எதுகை மோனையோட வருமா? சரி, இருக்கட்டும். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. இன்னைக்குச் சாயங்காலத்தோட என் சோதனை மாசம் முடியுது. இந்தப் பலகை ஒழுங்கா ஓடிச்சுன்னா வேலை எனக்கு. ஓடலேன்னா, உங்க மாமா கப்பல்லேர்ந்து இறங்கினதும் பிள்ளையைத் தூக்கிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிடறதா பேசி வச்சிருக்கோம். ஒரே ஒரு தடவைதான், ரெண்டாவது முயற்சி கிடையாதுன்னு அவர்கிட்ட நானே சொன்னேன். வீராப்புல சொல்லிட்டேன்.

— ஓடும். என் கை பட்டு ஓடாதது எது?

— வீட்டு மிக்ஸி.

— அது அம்மா வேணும்னே வயரைப் பிடுங்கி விட்டது. அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? உலகத்துல எத்தனையோ ஆபீஸ் இருக்கு. ஏன் இங்க வந்த?

— இங்கதான் கீழ்மாடியில பிள்ளையை விட இடம் இருக்கு. பரீட்சை வச்சாங்க, எழுதினேன், எடுத்தாங்க. உன் பேரை எங்கேயும் சொல்லல. முதல் நாள் என்னைப் பாத்ததும் நீ தண்ணி கேனுக்குப் பின்னால ஒளிஞ்சியே, அதையும் யார்கிட்டயும் சொல்லல.

— உனக்குப் புரியாது.

— புரிய வை.

— ஒண்ணாம் வகுப்புல டீச்சர் என்கிட்ட கேட்ட முதல் கேள்வி என் பேரு இல்ல. ‘நீ அவ தம்பியா?’ன்னுதான். பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் அதேதான். கணக்குல தொண்ணூறு வாங்கினா, ‘அவ தம்பியாச்சே, வராம இருக்குமா?’ நாப்பது வாங்கினா, ‘அவ தம்பியா இருந்துட்டு இப்படியா?’ மார்க் மேல போனாலும் கீழ வந்தாலும் பேரு உனக்குத்தான். காலேஜுக்குப் போனா, அங்கயும் நீ படிச்சுட்டுப் போயிருக்க. லைப்ரரியில அட்டை குடுக்கிறவரு என் பேரை எழுதறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பாத்து, ‘அட, அவங்க தம்பி!’ங்கிறாரு. இந்த ஆபீஸ்லதான் முதல்முறையா என்னை யாரும் அப்படிக் கேக்கல. வெறும் மின்னல். முன்னால ஒண்ணும் கிடையாது. இப்ப எனக்கு ஏன் சாய்கோடு பிடிக்கலேன்னு தெரியுதா?

— நாப்பது வாங்கினது அம்மாவுக்குத் தெரியுமா?

— உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு.

— இல்லடா, கேட்டுட்டுதான் இருந்தேன். போன் அடிக்குது, எடு.

— ஹலோ, மின்னல் பேசுறேன். மேடம்! சொல்லுங்க மேடம். ஒரே ஹாரன் சத்தமா இருக்கு, ஸ்பீக்கர்ல போடுறேன்.

— சுருக்கமா சொல்றேன். அதிகாரி இப்பவே பாக்கணும்னாரு, சோதனைக்குப் புதுப் பலகையை ஓட விட்டோம். எல்லா பஸ்ஸும் நாளைக்குன்னு வருது.

— எந்த பஸ் நாளைக்கு, மேடம்?

— எல்லாம். ஒண்ணாம் மேடை, அடுத்த பஸ் நாளைக்கு. ரெண்டாம் மேடை, நாளைக்கு. கண்ணு முன்னாடி ஒரு பஸ் உறுமிக்கிட்டு நிக்குது, பலகை நாளைக்குங்குது. ஜனங்க பஸ்ஸை நம்பல, பலகையை நம்புறாங்க. ஒருத்தரு பையைத் தலைக்கு வச்சுப் படுத்தே விட்டாரு.

— அதிகாரி என்ன சொல்றாரு?

— ஒண்ணும் சொல்லல. சிரிக்கிறாரு. அது நல்லதுக்கில்ல. சுருக்கமா கேக்குறேன், சுருக்கமா பதில் சொல்லுங்க. அடுத்த பஸ்ஸைக் கண்டுபிடிக்கிற ஃபங்ஷன், அந்த நெக்ஸ்ட், யாரு எழுதினது?

— அது வந்து மேடம்...

— சுருக்கமா.

— புதுசா வந்தவங்க எழுதினது.

— நினைச்சேன். பக்கத்துல இருக்காங்களா?

— இருக்கேன் மேடம்.

— கீழ வாங்கம்மா. பலகைக்குப் பின்னால பெட்டிக்குள்ள பொத்தான் இருக்கு, பழையபடி மாத்தணும். அதிகாரிக்கு நீங்களே விளக்கமும் சொல்லிடுங்க. பையை எடுத்துட்டே வாங்க. மாசமும் முடிஞ்சுது, இன்னையோட முடிச்சுக்கலாம்.

— சரி மேடம்.

— வச்சுட்டாங்க. அக்கா...

— ‘நீங்க’ன்னு சொல்லு. மெக்கானிக் வருவாரு.

— நான் பொய் சொல்லல.

— யாரு சொன்னா பொய்னு? கேட்டாங்க, பதில் சொன்ன. நெக்ஸ்ட் நான் எழுதினதுதான்.

— ஆனா காலையில நீ ஓட்டிக் காட்டினப்ப சரியாத்தானே வந்தது?

— இப்பவும் சரியாத்தான் வருது. இதோ பாரு, என் ஃபைல்லேர்ந்து கேட்டா, ஒண்ணாம் மேடை, நாலு நிமிஷத்துல. உன் பலகை வழியாப் போனா மட்டும் நாளைக்கு. நடுவுல எங்கேயோ ஆளு மாறுது. நேத்து எதையாவது மாத்தினியா?

— ஒண்ணுமே மாத்தல.

— யோசிச்சுச் சொல்லு.

— அந்த நேரம் வீட்டுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. சும்மா அதை ஏத்தினேன். அது மாத்தறதுல சேருமா?

— ஏத்தினப்ப மஞ்சள் எழுத்துல ஏதாவது வந்ததா?

— மஞ்சள் வராது.

— ஏன் வராது?

— கண்ணை உறுத்துதுன்னு அணைச்சு வச்சிருக்கேன்.

— எச்சரிக்கையையாடா அணைச்சு வச்சிருக்க?

— சிவப்புதான் தப்பு. மஞ்சள் வெறும் புலம்பல்.

— அதுசரி. அம்மா புலம்பினாலும் நீ கதவைச் சாத்திக்கிறவன்தானே. நான் கிளம்புறேன்.

— பையை எதுக்கு எடுக்குற?

— எடுத்துட்டு வரச் சொன்னாங்களே. டப்பா மேசையில இருக்கு, இன்னும் திறக்கவே இல்ல. சாயங்காலம் நீ எடுத்துட்டு வந்துடு. பிள்ளையை நான் கூட்டிக்கிறேன்.

— அக்கா, நில்லு.

— நின்னு என்ன பண்றது? நீ உட்காரு. உட்கார்ந்து முதல்ல மஞ்சளைப் போடு. அது என்ன சொல்லுதுன்னு பொறுமையாப் படி.

*

— ஹலோ. சொல்லுடா, படியில இறங்கிட்டிருக்கேன்.

— மஞ்சளைப் போட்டேன்.

— என்ன சொல்லுது?

— நிறையச் சொல்லுது. திரை பூரா சொல்லுது. அக்கா, இத்தனை நாளா இது தனியா உட்கார்ந்து கத்திக்கிட்டே இருந்திருக்கு.

— கடைசி வரியைப் படி.

— ‘நெக்ஸ்ட் என்ற பேர் வழித்தடத்திலிருந்து ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது நேரத்திலிருந்து வந்த நெக்ஸ்ட் அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது.’

— ஓ.

— போன வாரம் வரைக்கும் நேரத்துல நெக்ஸ்ட்னு ஒருத்தன் கிடையாதே!

— புதுசா சேர்ந்திருப்பான். என்ன வேலை செய்யறான்னு பாரு.

— ஒரு நாளைக் குடுத்தா... அதுக்கு அடுத்த நாளைத் திருப்பிக் குடுக்குறான்.

— அதான் நாளைக்கு. அவன் மேல தப்பில்ல, பாவம், அவன் வேலையை அவன் ஒழுங்காச் செஞ்சிருக்கான். எல்லாரும் வாங்கன்னு வாசல்ல நின்னு கூப்பிட்ட, அவனும் வந்தான். என் ஆளு உட்கார்ந்திருந்த நாற்காலியில உட்கார்ந்துட்டான்.

— அப்போ உன் நெக்ஸ்ட்ல ஒண்ணுமே இல்ல.

— இல்ல.

— மூணு வாசல்ல கூவினதுதான்.

— ஆமா.

— அப்போ எதுக்கு நீ பையைத் தூக்கிட்டுப் போற? மேடம்கிட்ட சொல்லு. மின்னல் மொத்தமா இழுத்துப் போட்டான், அதான் காரணம்னு சொல்லு.

— நான் சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— நான் சொன்னா, புதுசா வந்தவ மாட்டிக்கிட்டதும் பழைய ஆளு மேல பழியைத் தூக்கிப் போடுறான்னு ஆகும். இல்லேன்னா, அந்தப் பையனை இவ்வளவு உரிமையாத் திட்டுறீங்களே, உங்களுக்கு என்ன வேணும் அவன்னு கேப்பாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது. ஒப்பந்தம் இருக்குல்ல. ரோட்டைக் கடக்கணும், வைக்கிறேன்.

— வைக்காத! கேளு. நான் இப்பவே மாத்தி ஏத்திடுறேன். நீ பழைய பலகைக்குத் திருப்பாத. பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினா புதுசையே திரும்ப எடுத்துக்கும்.

— என்னன்னு மாத்தப் போற? எல்லாரும் வாங்க, நேரம் வீட்டு நெக்ஸ்ட் மட்டும் வராதன்னு ஒரு வரி சேர்ப்பியா? அப்படியும் எழுதலாம். அடுத்த மாசம் வேற எவனாவது வந்து வேற நாற்காலியில உட்காருவான்.

— நான் பாத்துக்கிறேன், நீ போ.

— எப்படின்னு சொல்லுடா.

— ரோட்டைப் பாத்துக் கட! போன்ல பேசிக்கிட்டே கடக்காத!

*

— அக்கா, ஏத்திட்டேன். அமுக்கு.

— மெதுவா பேசு. மேடம் பக்கத்துலதான் நிக்கிறாங்க. பெட்டி எட்டல, ஸ்டூல் கேட்டிருக்கோம்.

— நான் ஜன்னல்ல நிக்கிறேன். பலகை கோணலாத் தெரியுது, வெளிச்சம் தெரியுது, எழுத்து படிக்க முடியல. படுத்திருக்கிறவரு தெரியறாரு.

— குறட்டையே விடுறாரு. என்ன மாத்தினேன்னு சொல்லு, தெரியாம நான் அமுக்க மாட்டேன்.

— மேல மூணு வரி.

— மூணையுமா? எப்படி?

— நீ எழுதற மாதிரி.

— ஹாரன் அடிக்குது, கேக்கல. சத்தமா.

— தடம் சாய்கோடு நெக்ஸ்ட்! போதுமா? ஃபைல் பூரா தேடித் தேடி எல்லாப் பேருக்கும் முன்னால அவனவன் வீட்டுப் பேரைப் போட்டுட்டேன். பாக்கவே கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு.

— அந்த மூணு வரி எந்த வரிசையில இருக்கு?

— ஸ்டூல் வந்துடுச்சு பாரு.

— டேய்.

— எழுத்து. நேரம். வழித்தடம்.

— ...சரி, இருக்கட்டும். பையையும் போனையும் மேடம் கையில குடுத்துட்டு ஏறுறேன். வைக்கிறேன்.

— பாத்து ஏறு. அந்த ஸ்டூல் ஒரு கால் ஆடற மாதிரி தெரியுது.

*

— ஹலோ. சுருக்கமா சொல்லுங்க, இந்த போன்காரங்க ஸ்டூல் மேல நிக்கிறாங்க.

— பலகை... பலகையில வெளிச்சம் போயிடுச்சே. இருட்டாயிடுச்சே. என்ன ஆச்சு?

— இருங்க. வருது. ஒண்ணாம் மேடை, மூணு நிமிஷத்துல. ரெண்டாம் மேடை, இப்போ. ஆமா, இப்போதான், பஸ் நிக்குது. மூணாம் மேடையும் சரி. படுத்திருந்தவரு எழுந்து பையை அள்ளிக்கிட்டு ஓடுறாரு. அதிகாரி இப்ப சிரிக்கல, கையைக் கட்டிக்கிட்டுப் படிக்கிறாரு. நல்லது. ஆமா, பலகை இருட்டானது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கேர்ந்து பேசுறீங்க?

— மேடம், அந்த நெக்ஸ்ட் இருக்கே, அதுல தப்பே கிடையாது. முதல்லேர்ந்தே அது சரியாத்தான் இருந்தது. தப்பு பலகை ஃபைல்ல. மேல மூணு வரியில. அவங்களை இன்னையோட முடிச்சுடாதீங்க. அவங்க பை உங்க கையிலதான் இருக்கு, திருப்பி மேல கொண்டு வரச் சொல்லுங்க. இன்னும் சாப்பிடவே இல்ல.

— பலகை ஃபைல் மின்னலோடது. மின்னல் எழுதினதுல தப்புங்கறீங்க.

— ஆமா மேடம்.

— குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு, இந்த ஹாரன்ல சரியாப் பிடிபடல. போன்ல ‘வாலு’ன்னு பேர் வருது. சுருக்கமா சொல்லுங்க, யாரு பேசுறது?

— அவங்க தம்பி பேசுறேன், மேடம்.